தூரிகை சோறு போடுமா?

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் நம் சங்கத்தார் கூடிப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாணவ மாணவியரைப் பாராட்டியது அன்பர்கள் பலருக்கும் நினைவிருக்கும். ஒவ்வொருவராக மேடைக்கு வந்து பரிசு பெற்றபோது, "மேற்கொண்டு என்ன படிக்கப் போகிறாய்?" என்று தலைவர் கேட்டார். நர்சிங் என்றாள் ஒருத்தி, பொறியியல் என்றான் ஒருவன், பி.காம். என்றனர் இருவர். இறுதியாக வந்த பெண், "டிசைன் படிக்க விரும்புகிறேன், ஐயா" என்றாள். "அது என்னம்மா, கோலம் போடுகிற படிப்பா?" என்று முன் வரிசையிலிருந்து ஒருவர் கேட்க, மண்டபம் முழுவதும் சிரித்தது. அந்தப் பெண் என் அக்காளின் மகள். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

சிரித்தது தவறு என்று அன்றிரவே எனக்குத் தோன்றிற்று. ஆயினும் வீட்டில் எழுந்த புயல் அதைவிடப் பெரிதாக இருந்தது. அத்தான் என்னை அழைத்து, "உன் சொல்லைத்தான் அவள் கேட்பாள். நாலு இடம் விசாரித்து, நல்ல வார்த்தை சொல்லித் திருத்து" என்று என்னிடம் ஒப்படைத்தார். திருத்தச் சென்ற நான் திருந்தி வந்த கதையே இக்கட்டுரை.

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே தேர்வெழுதி, டிக்கெட் கொடுக்கும் எழுத்தனாக அமர்ந்தவன். இத்தகையவன் கலைக் கல்வியைப் பற்றி எழுதலாமா என்று அன்பர்கள் கேட்கலாம். எனக்குத் தகுதி இல்லை, தேவை இருந்தது. அந்தத் தேவை நம்மவர் வீடுகளில் வேறு பலருக்கும் இன்று இருக்கக் கூடும் என்பதனால், நான் விசாரித்து அறிந்தவற்றை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

என் தந்தையார் கண்ட வாழ்வும் தாழ்வும்

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையிலேயே பிழைப்புத் தேடி வந்து பாறசாலையில் தங்கியவர். கடைகளுக்குப் போர்டு எழுதுவது அவர் தொழில். எல்லைப்புறத்தில் அத்தொழிலுக்கு இரட்டை வாழ்வு இருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் கடைப் பலகை தமிழில் வேண்டும். இப்பால் மலையாளத்தில் வேண்டும். இரண்டும் எழுத வல்ல கைக்கு எந்நாளும் வேலை இருந்தது.

மலையாள எழுத்து 1971-இல் சீர்திருத்தப்பட்டது. தமிழில் 1978-இல் ணை, லை, ளை, னை முதலிய எழுத்துக்களின் பழைய துதிக்கை வடிவம் மாற்றப்பட்டது. தந்தையார் பழையதும் எழுதுவார், புதியதும் எழுதுவார். நீலம் தோய்த்த நூலைச் சுவரின் இரு புறமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிக் கோடு போட்டு, பிறகே தூரிகையைத் தொடுவார். "மலையாள எழுத்து உருண்டது, அதற்கு அகலம் வேண்டும். தமிழ் எழுத்துக்குக் கொம்பும் காலும் உண்டு. அதற்கு மேலும் கீழும் இடம் விடவேண்டும். இரண்டையும் ஒரே அளவில் எழுதினால் ஒன்று மற்றொன்றை நெருக்கும்" என்பார். அப்போது அது எனக்குத் தொழில் பேச்சாகவே பட்டது. ஒரு கல்லூரியில் பாடமாகச் சொல்லத்தக்க செய்தி அது என்பதை இருபது ஆண்டுகளுக்குப் பிறகே அறிந்தேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பின் பிளெக்ஸ் அச்சு வந்தது. மூன்று நாள் எழுதவேண்டிய பலகையை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் கக்கியது, விலையும் குறைவு. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே தந்தையாரின் சைக்கிள் வீட்டுத் திண்ணையில் சாய்ந்துவிட்டது. எழுத்துக்கு உயிர் கொடுத்த கை, கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கச் சென்றது. நான் பத்தாம் வகுப்போடு நின்றதற்கும் அதுவே காரணம். 2019-இல் கேரள அரசு பி.வி.சி. பிளெக்ஸ் பலகைகளைத் தடை செய்தபோது மீண்டும் சிலர் அவரைத் தேடி வந்தார்கள். அதற்குள் அவர் கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

ஆகவே, பேத்தி டிசைன் படிக்க விரும்புகிறாள் என்று கேட்டதும் அவர் சொன்னது இதுதான்: "தூரிகை சோறு போடாது, மக்களே. நான் முப்பது வருஷம் பார்த்துவிட்டேன்." இதற்கு மறுமொழி சொல்ல எங்கள் வீட்டில் எவருக்கும் நா எழவில்லை.

அவள் சொன்ன காரணம்

"உனக்கு ஏன் இந்த எண்ணம் வந்தது?" என்று நான் அவளைத் தனியே கேட்டேன். புகழ், பணம், சினிமா என்று ஏதோ சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னாள்.

என் தாயாருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. நம் குடும்பங்களில் மூத்தோர் பலரின் நிலை அதுவே. ஒருநாள் கண் காட்டுவதற்காக அவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவள் இப்பெண். இவள் சீட்டு வாங்கச் சென்ற இடைவேளையில், கண் பிரிவு என்று எண்ணி, எக்ஸ்ரே எடுக்கும் வரிசையில் போய் நின்றுவிட்டார் தாயார். இவள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் கடந்தது. மருத்துவரும் எழுந்து சென்றுவிட்டார். "என்ன பாட்டி, கேட்கக் கூடாதா?" என்று நாங்கள் எல்லாரும் கடிந்துகொண்டோம்.

"பாட்டி படிக்காதவர் அல்ல, மாமா. தமிழ் நன்றாகப் படிப்பார். தப்பு பாட்டியிடம் இல்லை, பலகையிடம் இருக்கிறது. அந்தக் கதவின் மேல் ஒரு கண்ணை வரைந்து வைத்திருந்தால் அவர் ஏன் வேறு வரிசையில் நிற்கிறார்?" என்றாள் அவள்.

இது குழந்தைப் பேச்சு அன்று என்பதை நான் பின்னர் அறிந்தேன். மெக்சிகோ நகரில் 1969-ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் தொடங்கியபோது, ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு படச்சின்னமும் வைத்தார்கள். லான்ஸ் வைமன் என்னும் வடிவமைப்பாளர் அவற்றை உருவாக்கினார். எழுத்தறியாதவரும், அந்நாட்டு மொழி அறியாதவரும் படத்தைப் பார்த்தே இறங்கலாம். நம் நாட்டிலும் 1951-52-இல் நடந்த முதற்பொதுத் தேர்தலிலேயே, எழுத்தறியாத கோடிக்கணக்கான மக்கள் வாக்களிக்கும்பொருட்டுச் சின்னங்கள் வைக்கப்பட்டன. மொழி தெரியாதவனுக்கும் வழி காட்டுவது ஒரு கலை. அந்தக் கலையின் தேவையைக் குடிபெயர்ந்து வாழும் நம்மைவிட நன்றாக உணரத்தக்கவர் யார்?

டிக்கெட்டும் ஒரு வடிவமைப்பே

படம் வரைவது வேறு, வடிவமைப்பது வேறு. ஓவியன் தன் உள்ளத்தில் உள்ளதை வரைகிறான். வடிவமைப்பாளன் பிறருடைய தேவையை முதலில் கேட்கிறான். பார்க்கப் போகிறவர் யார், எவ்வளவு தொலைவிலிருந்து பார்ப்பார், எவ்வளவு நேரம் பார்ப்பார், பார்த்தபின் என்ன செய்யவேண்டும் என்று கேட்ட பிறகே அவன் பென்சிலைத் தொடுகிறான்.

நம் நிலையப் பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்து. ஏன் அந்த நிறங்கள்? ஓடிவரும் வண்டியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தொலைவிலேயே அவை தெளிவாகத் தெரியும் என்பதனால். அழகுக்காக எவரும் மஞ்சள் பூசவில்லை.

என் தொழிலோடு நெருங்கிய இன்னொரு கதையும் உண்டு. இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் மரச்சாமான் செய்யும் தொழில் கற்றவர். வாணிகம் நொடித்துப்போய், 1836-இல் மில்டன் என்னும் சிறு ரயில் நிலையத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அந்நாளில் ஒவ்வொரு பயணிக்கும் டிக்கெட்டைக் காகிதத்தில் கையாலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். கூட்டம் நிற்கும், கணக்குத் தவறும். எட்மண்ட்சன் சிந்தித்தார். ஏறும் ஊரும் இறங்கும் ஊரும் முன்னதாகவே அச்சிட்ட சிறு அட்டைகளைச் செய்து, தொடர் எண் இட்டார். தேதி குத்துவதற்கு ஒரு பொறியும் செய்தார். கடைசி எண்ணைப் பார்த்தால் எத்தனை டிக்கெட் விற்றது என்பது உடனே தெரியும். ஏறத்தாழ இரண்டேகால் அங்குல நீளமுள்ள அந்தச் சிறு அட்டை உலகம் முழுவதும் பரவிற்று. நம் நாட்டு நிலையங்களிலும் அண்மைக் காலம் வரை வழங்கிற்று. அதைப் பயன்படுத்திய ரயில் கம்பெனிகளிடம் மைல் ஒன்றுக்கு ஆண்டுதோறும் பத்து ஷில்லிங் கட்டணம் பெற்றார் எட்மண்ட்சன். ஒரு டிக்கெட் எழுத்தரின் நல்ல வடிவமைப்பு அவருக்குச் சோறு போட்டது!

நம்மவர்க்கு இது புதிதன்று

நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள பாலராமபுரத்தை அறியாதவர் நம்மில் இல்லை. பாலராமவர்மர் 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில், தமிழகத்திலிருந்து நெசவாளர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டு அங்கே குடியேற்றப்பட்டன. அவர்கள் சாலியர். நம்மைப்போலப் பிழைப்புக்கு வந்தவர்களே. அவர்கள் குழித்தறியில் நெய்த வெண்ணிறத் துணியும் பொற்சரிகைக் கரையும் இன்று கேரளத்தின் அடையாளமாக விளங்குகின்றன. புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. கரை எவ்வளவு அகலம் இருந்தால் கண்ணுக்கு நிறைவு, எவ்வளவு வெண்மையை வெறுமையாக விட்டால் பொன் பொலியும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். வெறுமையான இடத்தின் மதிப்பை அறிவது வடிவமைப்பின் முதற்பாடங்களில் ஒன்று.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் வண்டி ஏறி, திருவனந்தபுரத்தைக் கடந்து சென்றால் கொல்லம் வரும். அந்தக் கொல்லத்தில்தான் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. அண்டிரிக்கு அடிகளார் என்று தமிழர் அழைத்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அதை வெளியிட்டார். ஈயத்தில் தமிழ் எழுத்தை வார்ப்பதற்கு, ஒவ்வோர் எழுத்தின் உடலும் வளைவும் இவ்வளவு இருக்கவேண்டும் என்று ஒருவர் முடிவு செய்திருக்க வேண்டுமன்றோ? தமிழ் அச்செழுத்தின் வடிவமைப்பு இந்த மலையாளக் கரையிலே வேர் கொண்டது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்வதில்லை.

கற்று உயர்ந்தோர்

"பழங்கதை இருக்கட்டும். படித்துப் பிழைத்தவர் உண்டா?" என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. நான் அவருக்குச் சொன்னவர்களை இங்கும் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்த மலையாளி கே.சி.எஸ். பணிக்கர். குடும்பத்தைக் காக்கத் தந்தித் துறையில் வேலை பார்த்தார்; இன்சூரன்ஸ் ஏஜெண்டாகவும் அலைந்தார். பிறகு 1936-இல், இருபத்தைந்தாம் வயதில், சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. பணிக்கர் 1957-இல் அதற்கே முதல்வரானார். ஓவியத்தை மட்டும் விற்று வாழ்வது கடினம் என்பதை அவர் மறைக்கவில்லை. அவரும் மாணவர்களும் பாட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அந்த வருவாயைக்கொண்டு 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்னும் கலைஞர் ஊரையே எழுப்பினர். கலையும் வயிறும் ஒன்றையொன்று பகைக்கத் தேவையில்லை என்பதற்கு அது சான்று.

தஞ்சாவூரில் 1924-இல் பிறந்த கோபுலு கும்பகோணத்து ஓவியப் பள்ளியில் பயின்றவர். ஆனந்த விகடனில் அவர் வரைந்த சித்திரங்களையும் சொல்லில்லாத நகைச்சுவைப் படங்களையும் நம் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அவர் 1960-களில் விளம்பரத் துறைக்குச் சென்றார். பின்னர்ச் சொந்தமாகவே விளம்பர நிறுவனம் நடத்தினார். கே.எம். ஆதிமூலமோ சென்னைக் கலைக் கல்லூரியில் தேறி, நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றிக்கொண்டே ஓவியம் வரைந்தார்; பத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் புதுவகைத் தலைப்பெழுத்துக்கள் எழுதிக் கொடுத்தார்.

இனி, நம் சட்டைப் பையில் உள்ள ரூபாய் நோட்டைப் பாருங்கள். அதிலுள்ள ரூபாய்க் குறியை ஆக்கியவர் ஒரு தமிழர், கள்ளக்குறிச்சியில் பிறந்த த. உதயகுமார். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தார், பம்பாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியில் காட்சித் தொடர்பியல் கற்றார். அங்கேயே தமிழ் எழுத்து வடிவங்களைப் பற்றி ஆராய்ந்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குறிகளிலிருந்து அவருடையது தேர்ந்தெடுக்கப்பட்டு, 2010-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் நாட்டின் குறியாக ஏற்கப்பட்டது. தேவநாகரி 'ர'வும் ஆங்கில 'ஆர்' எழுத்தும் அதில் ஒன்றாகின்றன. இரண்டு எழுத்து முறைகளைக் கண்ணால் அளந்து பழகியவருக்கே அத்தகைய இணைப்புத் தோன்றும். இதைக் கேட்டபோது, அதுவரை திண்ணையில் பேசாதிருந்த என் தந்தையார் தலை நிமிர்ந்தார்.

எங்கே கற்பது? எவ்வாறு கற்பது?

நமக்கு மிக அருகில் உள்ளது திருவனந்தபுரம் பாளையத்திலுள்ள அரசு நுண்கலைக் கல்லூரி. ஓவியம், சிற்பம், அப்ளைடு ஆர்ட் என்னும் பயன்முறைக் கலை ஆகிய பிரிவுகள் அங்கே உண்டு. மாவேலிக்கரையிலும் திருச்சூரிலும் இத்தகைய அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. படிப்பு நான்கு ஆண்டு, பட்டம் பி.எஃப்.ஏ. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்கள், தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் நுழைவுத் தேர்வெழுதிச் சேரவேண்டும். கொல்லத்தை அடுத்த சந்தனத்தோப்பில் கேரள மாநில வடிவமைப்பு நிறுவனம் உள்ளது. செங்கோட்டை செல்லும் பாதையில் அதே பெயரில் நிலையமும் உண்டு.

தமிழ்நாட்டில் படிக்க விரும்புவோர்க்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. மேலும் உயர்ந்து நோக்குவோர்க்கு 1961-இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமும், அதன் வழிவந்த பிற நிறுவனங்களும், 'யூசீட்' என்னும் தேர்வின் வழி ஐ.ஐ.டி.களில் வடிவமைப்புப் படிப்பும் உண்டு. அங்கெல்லாம் செலவு மிகுதி. கல்விக் கடனும் உதவித்தொகையும் உண்டா என முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். அரசு நுண்கலைக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. ஆயினும் தாள், வண்ணம், கணினி என்று கைச்செலவு தொடர்ந்து வரும்.

என் வேலைக்குரிய ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு, வீட்டிலிருந்து கல்லூரிக்குச் சென்றுவர இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் டிக்கெட்டை ரயில்வே கட்டணமின்றி வழங்குகிறது. கல்லூரியிலிருந்து சான்று பெற்று வந்தால் போதும். தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள் நம்மில் பலர்.

நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி யாது? தினமும் கண்ணால் கண்டதை வரைவதே. செம்பு, குடை, செருப்பு, சந்தையில் மீன் விற்கும் மூதாட்டி, வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டம் என எதையும் வரையலாம். பிற படத்தைப் பார்த்துப் பிரதி எடுப்பது பயிற்சியாகாது. வரைந்தவற்றைத் தேதியிட்டுச் சேர்த்து வைக்கவேண்டும். பின்னாளில் வேலை கொடுப்பவர் சான்றிதழைப் புரட்டுமுன் கேட்பது, செய்த வேலைகளின் தொகுப்பாகிய 'போர்ட்ஃபோலியோ'வையே.

கல்லூரியில் முதலில் கோடு, வடிவம், நிறம் ஆகிய அடிப்படைப் பாடங்கள். அப்பால் எழுத்து வடிவம், நிழற்படம், அச்சு முறை, சுவரொட்டி, சின்னம், பொருள்களைப் பொதியும் அட்டை, கணினித் திரை வடிவமைப்பு என்று பாடங்கள் விரிகின்றன. ஒரு சின்னத்துக்கு ஐம்பது முயற்சி வரைந்து, ஆசிரியரும் உடன் பயில்வோரும் குறை கூறக் கேட்டு, ஐம்பத்தோராவதை வரைவதே அப்படிப்பின் உண்மையான பாடம்.

ஏமாறவும் வேண்டா, மயங்கவும் வேண்டா

இங்கே என் தம்பியின் அனுபவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தந்தையாரின் கையே அவனுக்கும் வாய்த்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், ஆறு மாதத்தில் கிராபிக்ஸ் கற்பித்து வேலையும் வாங்கித் தருவதாக ஒரு தனியார் நிலையம் சொல்லியதை நம்பி, தாயாரின் வளையலை அடகு வைத்து நாற்பதாயிரம் ரூபாய் கட்டினோம். மூன்று மென்பொருள்களை எவ்வாறு திறந்து மூடுவது என்று கற்றுக்கொடுத்தார்கள். ஏன் ஓர் எழுத்து பெரிதாகவேண்டும், ஏன் இந்த நிறம் கூடாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. வேலையும் வாங்கித் தரவில்லை. இறுதியில், தந்தையாரின் தொழிலை விழுங்கிய அதே பிளெக்ஸ் அச்சுக்கடையொன்றில், பிறர் சொன்னதைத் தட்டச்சுச் செய்யும் ஆளாக அமர்ந்தான். இன்று வளைகுடா நாட்டில் பண்டகசாலைக் காவலனாக இருக்கிறான்.

தம்பிக்குக் கருவி தெரியும், கலை கற்பிக்கப்படவில்லை. தந்தையாருக்குக் கலை தெரியும். ஆனால் அது தூரிகைக்கு மட்டும் உரியது என்று அவரும் எண்ணினார், நாங்களும் எண்ணினோம். பிளெக்ஸ் வந்தபோது தொழில் இழந்தது அவர் கை. அவர் கண் இழக்கவில்லை. அந்தக் கண்ணுக்கு அன்று புதுக்கருவியைக் கொடுக்க எவரும் இல்லை. கல்லூரிக் கல்வி வேண்டுவது இதற்காகவே. கருவிகள் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும். கண்ணையும் சிந்தனையையும் பழக்கியவன் அடுத்த கருவியைக் கைப்பற்றுவான்.

2022-ஆம் ஆண்டிலிருந்து, சொன்னதைக் கேட்டு நொடியில் படம் வரையும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. "இதற்கும் பிளெக்ஸ் கதிதானே?" என்று அத்தான் கேட்டார். அச்சம் பொய்யன்று. எளிய வேலைகள் பல அப்பொறிகளுக்குப் போகும், போகத் தொடங்கியும்விட்டன. ஆனால் அவை எழுதும் தமிழ் எழுத்து பல வேளைகளில் சிதைந்து வருவதை நானே கண்டேன். அது சிதைந்திருக்கிறது என்று சொல்வதற்கும் தமிழ் எழுத்தை அறிந்த கண் வேண்டும். என் தாயார் எந்த வரிசையில் தவறி நின்றார் என்பதும் பொறிக்குத் தெரியாது. உடன் சென்றவளுக்கே தெரியும்.

வருவாயைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். தொடக்கச் சம்பளம் சிறிது. முதல் மூன்று நான்கு ஆண்டுகள் பிறர் நிழலில் உழைக்க வேண்டும். பதிப்பகம், செய்தித்தாள், விளம்பரம், பொருள் பொதிவு, துணி வடிவம், திரைப்படம், கைப்பேசிச் செயலி என வழிகள் பல உண்டு. ஆயினும் அரசு வேலையைப் போல நிலையான வழி அன்று. வரைவதில் விருப்பம் உள்ள பிள்ளைகள் அனைவரையும் இதில் தள்ளவேண்டும் என்று நான் கூறவில்லை. ஓராண்டு தினமும் வரையச் சொல்லுங்கள். எவரும் புகழாதபோதும் தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால் அது விளையாட்டன்று.

பெற்றோர்க்கு ஒரு சொல்

என் அக்காள் மகள் தொடர்ந்தாள். ஒரு மாலை, தந்தையார் பல ஆண்டுகளுக்கு முன் எழுதி இன்னும் அழியாதிருக்கும் கடைப் பலகையொன்றைப் படம் பிடித்து வந்து, ஒவ்வோர் எழுத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்து, "தாத்தா, எல்லா இடைவெளியும் ஒன்றாக இல்லையே, ஏன்?" என்று கேட்டாள். "ஒன்றாக விட்டால் ஒன்றாகத் தெரியாது, மக்களே" என்றார் அவர். பிறகு அரை மணி நேரம் பேசினார். தம் தொழிலைப் பற்றி அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டு இருபது ஆண்டுகள் ஆயின. மறுநாள் முதல் அவளை எதிரே உட்கார வைத்துக் குத்துவிளக்கையும் வாளியையும் வரையச் செய்தவர் அவரே. அத்தான் மனம் முழுவதும் ஆறவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்.

அவள் தேர்வெழுதி இடம் பெற்றாள். இப்போது முதலாண்டு முடிந்தது. தன் விருப்பம்போல் ஒன்று வரைந்து வரச் சொன்னபோது, ஒரு மருத்துவமனையின் பன்னிரண்டு வாயில்களுக்குச் சொல்லில்லாத பன்னிரண்டு சின்னங்கள் வரைந்தாள். கல்லூரிக்குக் கொண்டு செல்லுமுன் அவற்றை என் தாயார் முன் ஒவ்வொன்றாகக் காட்டினாள். தாயார் பத்தைச் சரியாகச் சொன்னார். இரண்டில் தவறினார். "தவறு பாட்டியுடையது அல்ல, படத்துடையது" என்று சொல்லி, அந்த இரண்டையும் கிழித்துவிட்டு மீண்டும் உட்கார்ந்தாள். தூரிகை இவளுக்குச் சோறு போடுமா என்பதை இன்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் சோறு போடத்தக்க பழக்கம் அவளிடம் உண்டு என்பதை அந்த இரவில் நான் கண்டேன்.

அன்பர்களே! நாம் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். இழந்தவற்றையே எண்ணிப் பழகிவிட்டோம். இரண்டு மொழியும் இரண்டு எழுத்தும் நம் பிள்ளைகளுக்கு இளமையிலேயே வாய்த்திருப்பது பெருஞ்செல்வம் என்பதை எண்ணுவதில்லை. வீட்டில் தமிழ் எழுதக் கற்றுக்கொடுங்கள். பள்ளியில் மலையாளம் நன்கு கற்கட்டும். அவர்களுள் எவரேனும் அவ்வெழுத்துக்களை அழகாக்க விரும்பினால், விசாரியுங்கள், செலவைக் கணக்கிடுங்கள், ஐயம் இருந்தால் தாராளமாகக் கேளுங்கள். விண்ணப்பம், தேர்வு, சீசன் டிக்கெட் ஆகியவை பற்றி அறிய விரும்புவோர் ஞாயிறுதோறும் மாலையில் சங்கக் கட்டடத்தில் என்னைக் காணலாம்.

ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். இவ்வாண்டுப் பாராட்டுக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மேடையேறி, நாம் கேட்டறியாத ஒரு படிப்பின் பெயரைச் சொன்னால், அருள்கூர்ந்து சிரிக்க வேண்டா.